கைப்பிடிக் கேப்பையை ஏலம் விட்ட ஞாயிறு

"அறுப்புப் பண்டிகை ஆராதனை ஒழுங்காக நடந்தது. ஏலத்தில் முந்தைய எந்த ஆண்டையும்விட அதிகத் தொகை கேட்கப்பட்டது. பின்னர் சிறு குழப்பம்."

1943 அக்டோபர் மாதத்து வட்டார அறிக்கையில் அந்த ஊரைப் பற்றி இருப்பது இவ்வளவுதான். நகலை என் கையாலேயே பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். முதல் இரண்டு வாக்கியங்களில் பிழை சொல்ல முடியாது. மூன்றாவதைப் படிக்கும்போதெல்லாம் அதை எழுதியவரின் சட்டையைப் பிடித்து, யாருக்குச் சிறிது என்று கேட்கத் தோன்றும். அவர் இறந்து வெகு காலம் ஆகிவிட்டது. என் கோபம் சாகவில்லை.

இந்த ஆண்டு ஊழியத்தில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஓய்வுபெற்றவர்கள் ஆளுக்கு ஓர் அனுபவம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். வீடு சந்திப்பது, சிறுவர் வகுப்பு நடத்துவது, கூரை ஒழுகினால் யாருக்கு எழுதுவது என்பதெல்லாம் ஆறு மாதத்தில் உங்களுக்கே பழகிவிடும். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அப்போது நான் உதவி உபதேசியார். திண்டிவனத்தில் மிஷன் பங்களா. அங்கிருந்து மயிலம், வானூர்ப் பக்கத்துச் சேரிச் சபைகளுக்குப் போய் வருவது வேலை. அறிக்கையில் வரும் ஊர் அவற்றில் ஒன்று. எனக்கு மேலே மூத்த உபதேசியார் ஒருவர் இருந்தார். தன் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியவர் அவர். ஆகையால் அவர் மூத்தவர் என்றே இங்கே வருவார். எங்கள் மிஷனரி வெள்ளைக்காரர். ஊரில் துரை என்றார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

கைப்பிடிக் காணிக்கை தெரியாத நகரத்துப் பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம். உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுப் பெண் ஒரு பிடி தானியத்தைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பாள். அது ஆண்டவருக்கு. மாதம் ஒருமுறை உபதேசியார் வீடு வீடாகப் போய் அதை வாங்கி, கோயிலாகவும் பள்ளிக்கூடமாகவும் இருக்கும் ஒரே கட்டடத்தில் மூட்டை கட்டி வைப்பார். எங்கள் பக்கம் அரிசி குறைவு, பெரும்பாலும் கேப்பை என்னும் கேழ்வரகுதான். அறுப்புப் பண்டிகையன்று அந்த மூட்டைகளையும், கோழி, பூசணி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை என்று அன்று வந்ததையும் வாசலில் வைத்து ஏலம் விடுவோம். வரும் பணம் சபைச் செலவுக்கு. ஏலம் கூறுபவரைச் சபை மூப்பர்கள் நியமிப்பார்கள். அவர் மூன்று தரம் கூறி, தானியம் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்து அதன் அடியில் ஒரு தட்டு தட்டினால் ஏலம் முடிந்தது. தட்டாத ஏலம் ஏலமில்லை. இது எங்கள் சபைகளில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

பஞ்சங்களைப் பற்றி அச்சில் வந்ததில் எனக்குக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். தானியமே இல்லாமல் போனதாக எழுதியிருப்பது குறைவு. தானியம் ஓரிடத்திலும் பசி ஓரிடத்திலும் இருந்தது என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த ஆண்டு எங்கள் பக்கமும் அப்படித்தான். பர்மா அரிசி நின்று போயிருந்தது. விலை ஏறுகிறது என்று தெரிந்ததும் நிலக்காரர்கள் கூலியைத் தானியமாக அளப்பதை நிறுத்திவிட்டுக் காசாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். காலையில் வாங்கிய காசுக்குச் சாயங்காலம் கடையில் படி குறைந்திருக்கும். களத்தில் தூற்றிக் குவித்த பெண், அதே தானியத்தைக் கடையில் கெஞ்சி வாங்கினாள்.

பண்டிகைக்கு முந்தின வாரம் கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் பசித்த கூட்டம் ஒன்று நெல் வண்டிகளை மறித்து மூட்டைகளை இறக்கிவிட்டது. அது செவ்வாய்க்கிழமை என்று சிலர் சொல்கிறார்கள். என் நாட்குறிப்பில் புதன் என்று இருக்கிறது. அன்றிலிருந்து திண்டிவனத்தில் தானிய மண்டிகள் பாதிக் கதவுதான் திறந்தன. பங்களாவுக்குள் யாரோ கல்லெறிந்து விளக்குக் கண்ணாடி உடைந்தது. வெள்ளைக்காரன் வீட்டில் மூட்டை மூட்டையாக இருக்கிறது என்று பேச்சு. உள்ளதைச் சொன்னால் துரையும் அவர் மனைவியும் அப்போது ஒரு வேளை கேப்பைக் கூழ்தான் குடித்தார்கள். சர்க்கரையை விட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அவர் கெட்டவராக இருந்திருந்தால் இதை எழுதவே மாட்டேன். கெட்டவர்களைப் பற்றி உங்களை எச்சரிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

வண்டி மறித்த மறுநாள் ஓர் அதிகாரி துரையைக் கூப்பிட்டு, "உங்கள் கிறிஸ்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி அவருக்குள் முள்ளாக இறங்கிவிட்டது.

சனிக்கிழமை மூத்தவர் என்னையும் அழைத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனார்.

"ஐயா, இந்த வருஷம் மூட்டைங்கள ஏலம் விட வேணாங்க. கோழி, பூசணி விடலாம். கேப்பைய குடுத்தவங்களுக்கே அளந்துடலாம். பழைய வெலைக்கு, காசு இருக்கறப்ப கட்டிக்கட்டும்."

துரை சுத்தமான செந்தமிழில்தான் பேசுவார். "ஆண்டவருக்குக் கொடுத்ததை மனிதர் திரும்ப வாங்கலாமா, உபதேசியாரே?"

"ஆண்டவரு கேப்பை துன்னதில்லீங்களே, ஐயா."

துரைக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்கும் ஒழுங்கு குலைந்திருக்கிறது. நம்முடைய ஜனங்கள் ஒழுங்குள்ளவர்கள் என்று இந்தத் தாலுகா நாளைக்குக் காண வேண்டும். ஏலம் வழக்கம்போல் நடக்கட்டும்."

திரும்பி வரும் வழியில் மூத்தவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, "ஊரு பாக்கணுமாம். வெறும் வயித்த கட்டிக்கினு வரிசையா நின்னு காட்டணும் போல" என்றார்.

மறுநாள் ஆராதனையில் குறையில்லை. பிறகு வாசலில் மூட்டைகளை வைத்தோம். வழக்கமாக ஏலம் எடுப்பவர்கள் உள்ளூர்க்காரர்களும் எங்கள் ஆசிரியர்களும்தான். அந்த ஆண்டு அவர்களிடம் எடுக்கப் பணம் இல்லை. ஆனால் திண்டிவனத்திலிருந்து மண்டி ஏஜெண்டு ஒருவர் மாட்டு வண்டியோடு வந்து வேப்பமரத்தடியில் நின்றார். பெண்கள் விடவில்லை.

"இன்னாங்க ஏஜெண்டு, வருஷம் பூரா கோயில் பக்கம் காணோம். ஞானஸ்நானம் வாங்கிக்கினு போவ வந்தீங்களா?"

"மூட்டை வாங்கிக்கினு போவ வந்தேம்மா."

"அது சேரி மூட்டைங்க. தொட்டா தீட்டு. பாத்துக்கினு தூக்குங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். ஏஜெண்டும் சிரித்தார். ஏலம் தொடங்கியதும் சிரிப்பு அடங்கிவிட்டது. மூட்டைகளை மொத்தமாக ஒரே ஏலமாக விடச் சொல்லியிருந்தார் துரை. ஆசிரியர் ஒருவர் மரியாதைக்கு ஒரு தொகை கேட்டார். ஏஜெண்டு அதற்கு மேலே எங்கேயோ போய் நின்றார். ஏலம் கூற மூப்பர்கள் நியமித்திருந்த மூத்தவர் மரக்காலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கூறினார்.

"ஒரு தரம்." கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு தரம்."

அத்தோடு நிறுத்திவிட்டார்.

கூட்டம் அவர் வாயையே பார்த்தது. வாய் அசையவில்லை. அவர் மரக்காலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மேலே சொல்லுங்கள்" என்றார் துரை. மூத்தவர் அசையவில்லை. ஏஜெண்டு, "இன்னாங்க இது, வெளையாட்டா? கூப்டீங்க, வந்தேன். கேட்டேன். ஜல்தி முடிங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. துரையின் காதில் அந்த நியாயம் மட்டும்தான் விழுந்தது. அவர் இரண்டடி முன்னால் வந்து உரத்த குரலில், "மூன்று தரம்" என்றார்.

அந்தச் சொல்லை அவர் கூறியிருக்கக் கூடாது. எழுபது எண்பது பெண்கள் ஒரு வருஷம் முழுக்கத் தங்கள் பிள்ளைகளின் கூழிலிருந்து எடுத்துவைத்த தானியம். கொடுத்தவர்கள் கண் முன்னால், அவர்களுக்கு எட்டாத விலைக்கு, அவர்களைப் பட்டினி போட்டவனின் ஆளுக்குப் போகிறது. அதற்கு ஆண்டவர் பெயரும் சேர்கிறது. இதைச் செய்ய வேறு யாராலும் முடியாது. கொள்ளைக்காரனுக்குக் கதவை உடைக்க வேண்டியிருக்கும். நாங்கள் காணிக்கையாக வாங்கி, மூட்டை கட்டி, அவன் முதுகில் ஏற்றிவிட்டோம்.

வண்டிக்காரர் முதல் மூட்டையில் கை வைத்தபோது ராகேல் போய் அதன் மேல் உட்கார்ந்தாள். அவளுக்கு முப்பது வயதுக்குள். புருஷன் பட்டாளத்து ரோடு வேலைக்கு அஸ்ஸாம் போயிருந்தான். மடியில் கைக்குழந்தை, பின்னால் இரண்டு பெண் பிள்ளைகள். சபையில் வாய் திறந்து பாடக்கூட மாட்டாள்.

"எழுந்திரு, ராகேல்" என்றார் துரை.

"நான் சாமிக்குன்னு எடுத்து வெச்சதுங்க. இவருக்குன்னு வைக்கல. சாமி வந்து எடுத்துக்கினு போவட்டும், எழுந்துக்கறேன்."

அவளைப் பார்த்து மற்ற பெண்களும் ஆளுக்கொரு மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் கல்லெடுக்கவில்லை. யாரும் யாரையும் தொடவில்லை. ஏஜெண்டு வண்டியை விட்டுவிட்டு இரவல் சைக்கிளில் போனார். அவர் போலீசோடு திரும்பும்வரை அந்தப் பெண்கள் வெயிலில் அப்படியே இருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது துரையின் மனைவி. ஊரில் அவரைத் துரைசானி என்பார்கள். அவர் கணவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். துரை தலையை ஆட்டி மறுத்தார்.

போலீஸ் அதிகாரி கேட்டது ஒரே கேள்வி. "ஏலம் முடிந்ததா?" துரை முடிந்தது என்றார். மூத்தவர் முடியவில்லை என்றார். அதிகாரி யார் சொல்லை எடுத்துக்கொண்டார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி மறித்த வாரம் அது, அவருக்கும் ஒரு வழக்கு வேண்டியிருந்தது. ஏஜெண்டு ராகேலைக் காட்டினார். தானியக் கொள்ளை என்று எழுதிக் குழந்தையோடு அவளைக் கொண்டுபோனார்கள். மூட்டைகளையும் வழக்குச் சொத்து என்று முத்திரை வைத்து எடுத்துக்கொண்டார்கள். அவள் உலையிலிருந்து எடுத்த பிடியைக் கொள்ளையடித்தவள் அவளே. அதைச் சட்டத்தின் தமிழில் எழுதினால் சரியாகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை மூத்தவரும் நானும் மறுபடி பங்களாவுக்குப் போனோம்.

"ஐயா பொய் சொல்ல வேணாங்க. நடந்தத முழுசா சொல்லுங்க. ஏலம் கூறினவன் ரெண்டோட நிறுத்திட்டான், மரக்கால தட்டல. எங்க வழக்கப்படி விக்கவே இல்ல. விக்காத மூட்டை மேல உக்காந்தா அது எப்பிடிங்க கொள்ளை?"

"ஆனால் நான் மூன்றாவது தரம் கூறினேன்."

"ஐயாவுக்கு அந்த அதிகாரம் இல்லீங்க. மூப்பருங்க என்னத்தான் வெச்சாங்க."

துரை மேசையிலிருந்த தாள்களை அடுக்கி வைத்தார். "அது தந்திரம். மூன்று தரம் என்றபோதே நான் அந்த ஏஜெண்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். வாக்குக் கொடுக்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்?"

நான் சின்னவன். என்றாலும் அடக்க முடியவில்லை. "உங்க வாக்கு சுத்தமா இருக்க அந்தம்மா ஜெயில்ல இருக்கணுமாங்க?" என்றேன். அவர் முகம் சிவந்தது. எழுந்து போய் எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். இன்றைக்கும் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். நேர்மை நல்லதுதான். ஆனால் உங்கள் நேர்மைக்கு வேறொருத்தி பட்டினி கிடக்கிறாள் என்றால், நீங்கள் காப்பாற்றுவது ஆண்டவரையா, உங்கள் சட்டையின் வெள்ளையையா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ராகேலின் இரண்டு பெண்களைப் பங்களாவில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று துரைசானி சொன்னார். அவர் மனசு நல்லது. அந்தச் செய்தியோடு நான் ராகேலின் அக்காள் வீட்டுக்குப் போனேன். அவள் முறத்தைக் கீழே போடாமலே சொன்னாள்.

"அம்மாவ புடிச்சிக்கினு போனீங்க. இப்ப புள்ளைங்களயுமா? போய்க்கினே இருங்க."

போய்க்கொண்டே இருந்தேன்.

பெண்களை வைக்க வேறு வசதி இல்லை என்று ராகேலை விழுப்புரத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மூத்தவரும் நானும் பாசஞ்சர் ரயிலில் போய்ப் பார்த்தோம். கம்பிக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டிருந்தது. பால் வற்றிவிட்டது என்றாள். அக்காள் கொடுத்தனுப்பிய மல்லாட்டைப் பருப்பை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "புள்ளைங்க துன்னுச்சிங்களா?" என்று மட்டும் கேட்டாள். துன்னுதுங்க என்று மூத்தவர் சொன்னார். அது முழு உண்மை இல்லை. அந்தப் பொய்க்காக அவரை ஆண்டவர் ஒரு சொல்லும் கேட்டிருக்க மாட்டார் என்பது என் விசுவாசம்.

வழக்குக்கு வந்தபோது துரை முதல் சாட்சி. ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். மாஜிஸ்திரேட் பொறுமைசாலி. ஏலம் கூற நியமிக்கப்பட்டவர் யார் என்று கேட்டார். உபதேசியார் என்றார் துரை. மரக்காலைத் தட்டியது யார் என்றார். யாரும் தட்டவில்லை என்றார் துரை. தட்டாமல் இதற்கு முன் எப்போதாவது மூட்டை கொடுத்ததுண்டா என்று கேட்டார். துரை நின்று யோசித்தார். கையைக் கட்டிக்கொண்டு ராகேல் எதிரே நின்றாள்.

"இல்லை" என்றார்.

அதே உண்மைதான். திங்கட்கிழமை மேசையருகே மூத்தவர் கெஞ்சிக் கேட்ட அதே உண்மை. தானாகச் சொன்னால் தந்திரம், மாஜிஸ்திரேட் கேட்டுச் சொன்னால் சாட்சியம். இடையில் ஒரு பெண்ணுக்குப் பால் வற்றியது. மூத்தவர் ஏறி வழக்கத்தை விளக்கினார், மூப்பர் ஒருவர் ஆமாம் என்றார். விற்பனை முடிந்ததாகக் காட்டப்படவில்லை என்று ராகேலை விட்டுவிட்டார்கள்.

அவள் ஊருக்கு வந்த வாரமே துரை அவள் குடிசைக்குப் போனார். நானும் கூடப் போனேன். வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "ராகேல், உன்னோடு ஜெபம் பண்ண வந்தேன்" என்றார்.

அவள் களைக்கொத்தைத் தோளில் போட்டிருந்தாள். "பண்ணுங்க. ஜல்தியா பண்ணுங்க. வேலைக்குப் போவணும்."

துரை கண்ணை மூடினார். அந்தச் செந்தமிழ் அன்றைக்கு அவருக்கு உதவவில்லை. கண்ணைத் திறந்தபோது ராகேல் அரைக்கால் மைல் தள்ளி வரப்பில் போய்க்கொண்டிருந்தாள். அவர் அதற்கும் அவளைக் குறை சொல்லவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

மூத்தவரைச் சபை ஒழுங்கை மீறியவர் என்று மறு ஆண்டே மேற்கே தொலைவான ஓர் ஊருக்கு மாற்றினார்கள். மாற்றிய கூட்டத்தில் துரை இருந்தார், எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த அறுப்புப் பண்டிகையில் அந்த ஊரில் ஏலம் வழக்கம்போல் நடந்தது. புதிய ஆள் மூன்று தரமும் கூறி நன்றாகத் தட்டினார். மூட்டைகள்தான் இல்லை. வீட்டுக்கு வீடு கலயம் காலியாக இருந்தது, யாரும் கேட்கத் துணியவில்லை.

உங்களில் யாரிடமாவது நாளைக்கு இப்படி ஒரு மரக்காலைக் கொடுப்பார்கள். பின்னால் நிற்பவர் பெரியவராக இருப்பார், நல்லவராகவும் இருப்பார், மேலே சொல்லுங்கள் என்பார். எதிரே நிற்பவர்களின் வயிற்றைப் பார்த்துவிட்டு வாயைத் திறங்கள். மாற்றல் வரும். வரட்டும்.

மூட்டைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சொல்லி முடிக்கிறேன். வழக்கு நடந்த வாரங்களில் ஐப்பசி மழை. மூட்டைகள் கிடந்த அறை ஒழுகியது, கேப்பை முளைவிட்டுப் புழுத்து, வாரிக் கொட்டிவிட்டோம் என்று அங்கே காவலுக்கு இருந்ததாகச் சொன்ன ஒருவர் வெகு நாள் கழித்து என்னிடம் கூறினார். இல்லை, ஏஜெண்டின் வண்டி ஒரு காலையில் வந்து ஏற்றிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன் என்று திண்டிவனத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் சொன்னார். தானியம் ஜனங்களுக்கே திருப்பித் தரப்பட்டது என்று துரை தன் ஊருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இருப்பதாகக் கேள்வி, அந்தக் கடிதத்தை நான் பார்த்ததில்லை. அந்தச் சேரியில் வீடு வீடாகப் போய் விசாரித்திருக்கிறேன், ஒரு பிடி வாங்கியதாகச் சொன்னவர் எவரும் இல்லை. மூட்டைகளை யாரிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள் என்று பார்க்க நீதிமன்ற உத்தரவின் நகலுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன். கிடைக்கவில்லை. அந்தக் கேப்பையை யார் தின்றார்கள் என்பது இதை எழுதும் இன்று வரை உறுதியாகவில்லை.